களைத்துப்போன தண்ணீர்

நீர் வாரியம் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிய வாரத்தில் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வருவது நின்றது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வாரியம் உடனே அறிவித்தது. தொடர்பு உண்டா என்று யாரும் கேட்பதற்கு முன்பே அறிவித்துவிட்டதால்தான் தெருவில் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

திட்டம் என்னவோ எளிமையானது. குடிநீர்க் குழாய்க்குள் ஒரு டர்பைனைப் பொருத்துவது. ஓடுகிற தண்ணீர் அதைச் சுற்றும், சுற்றினால் மின்சாரம். உயரத்திலிருந்து இறங்கும் குழாயில், தேவைக்கு மேல் வேகம் இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வாரியத்திடமும் அப்படி ஒரு குழாய் இருந்தது. அணையிலிருந்து ஊருக்கு இறங்கி வரும் பெரிய குழாய். ஆனால் அது புதருக்கு நடுவே வருகிறது. அங்கே மேடை போட முடியாது, கார் நிறுத்த முடியாது, போதாததற்கு வாரியத் தலைவருக்கு முழங்கால் வலி. ஆகவே டர்பைனை வாரிய அலுவலகத்துக்கு எதிரே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மேட்டுத் தெருவுக்கு ஏறிப்போகிற குழாயில் வைத்தார்கள். வருகிறவர்கள் பார்க்க வசதியாகக் குழாயில் ஒரு கண்ணாடிச் சன்னலும் வைத்தார்கள். கிடைத்த மின்சாரத்தில் அலுவலக மொட்டைமாடியில் ‘நீரே ஒளி’ என்ற பலகை எரிந்தது. வாரியத்தில் அதைச் ‘சுழலி’ என்றார்கள். மேட்டுத் தெருவில் அதற்குக் காத்தாடி என்று பெயர்.

மேட்டுத் தெரு முழுக்கப் படிகள். வண்டி ஏறாது. படிகள் முடிகிற இடத்தில், கடைசி வீட்டில், கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் குடியிருந்தார். எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் அழைத்தார்கள். யாரைச் சந்தித்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மூக்கின் மேல் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். குரல் உயர்த்தாத மனிதர். எதையும் கேட்டுப் பெறலாம், விளக்கிச் சொன்னால் எவருக்கும் புரியும் என்று நம்புகிறவர். இந்த நம்பிக்கைதான் பின்னால் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அவர் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முன்னறையில் சன்னலோரக் கட்டிலில் மனைவியின் அப்பா கிடந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கு ஈடாக வாய் இரட்டிப்பாக வேலை செய்தது. தலையணைக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் விசில் ஒன்றை வைத்திருந்தார். ஒரு தடவை ஊதினால் ‘நில்லு’, இரண்டு தடவை ஊதினால் ‘போகலாம்’. அந்த வீட்டில் மற்றவர்கள் நிற்பதும் நடப்பதும் அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டே நடந்தது.

படுத்தே கிடந்ததில் அவர் முதுகில் புண் வைத்திருந்தது. கட்டு மாற்ற வருகிற நர்ஸ் அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். “காலைலயும் சாயங்காலமும் நல்லாக் கழுவணும். தண்ணி ஊத்திக் கழுவணும், துடைச்சா பத்தாது. துணியும் தினம் மாத்தணும். விட்டீங்கன்னா ரத்தத்துல ஏறிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் புண்ணியமில்ல.”

கழுவும் வேலை கண்ணாடிக்காரருடையது. மகள் கழுவினால் கிழவருக்குக் கூச்சம். மருமகன் கழுவினால் திட்டலாம்.

“மாப்ள, கண்ணாடி தொடைக்கிற மாதிரி தொடைக்கிறியே, முதுகுப்பா இது.”

“சும்மா இருங்க மாமா. தண்ணி இவ்வளவுதான் இருக்கு.”

“இவ்வளவுதான்னா? என்ன, சில்லறை இல்லாத கண்டக்டர் மாதிரி பேசற?”

குழாயில் தண்ணீர் நின்றபோது முதலில் அவர்கள் கடையில் கேன் வாங்கினார்கள். தெருவே வாங்கியதால் கேன் வந்த வேகத்தில் தீர்ந்தது. கிடைத்தது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போனது. மனைவி பள்ளியிலிருந்து கைப்பையில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். அது புண்ணை நனைக்கப் போதும், கழுவப் போதாது. கடைவீதிப் பொதுக்குழாயில் தெருவே வரிசை நின்றது, பெரும்பாலான நாளில் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, படுக்கைப் புண்ணை வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

ஒரு காலை, கண்ணாடிக்காரர் கடையைத் திறக்காமல் வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே ‘நீர்ப் புகார்’ என்று எழுதியிருந்த சன்னலில் இப்போது ‘மின் உற்பத்தி: வாழ்த்துகள் மட்டும்’ என்று எழுதியிருந்தது. வாழ்த்துச் சொல்ல வந்தவர் யாருமில்லாததால் வரிசை சிறியதாக இருந்தது. சன்னலில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டு, மாடியில் பொறியாளரைப் பார்க்கச் சொன்னார்.

பொறியாளர் படிக்கிற கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, அதன் மேல்விளிம்புக்கு மேலாக மனிதர்களைப் பார்க்கிறவர். மேசையில் இருப்பது மட்டுமே கண்ணாடி வழியாகப் பார்க்கத் தகுந்தது என்பது அவர் எண்ணம்.

“தண்ணி வரலைன்னு சொல்லாதீங்க. அது தப்பான வார்த்தை” என்றார். “தண்ணி வருது. வர்ற வழியில வேலை பாக்குது. தன்கிட்ட இருக்கற சக்திய எல்லாம் நாட்டுக்குக் குடுத்துட்டுக் களைச்சுப் போய் வெளிய வருது. நீங்களே சொல்லுங்க, களைச்சுப் போனவன் மாடிப்படி ஏறுவானா?”

“ஏற மாட்டான் சார்.”

“அவ்வளவுதான் விஷயம். உங்களுக்குப் புரியுது பாருங்க.”

“எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார் சார். புண்ணக் கழுவணும். காலைல கொஞ்ச நேரம் அந்தக் காத்தாடிய நிறுத்தினா…”

“நிறுத்தறதா?” பொறியாளர் முதல் தடவையாகக் கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். “ஒரு மின்நிலையத்தப் போய் யாராவது நிறுத்தச் சொல்வாங்களா? மேல போர்டு எரியுது பாத்தீங்களா? அது அணைஞ்சா ரோட்டுல போறவன் என்ன நினைப்பான்?”

“பகல்லதானே சார். பகல்ல யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்” என்றார் பொறியாளர், நெஞ்சில் கை வைத்து.

கண்ணாடிக்காரருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. விளக்கிச் சொன்னால் புரியும் என்ற நம்பிக்கையில் அதையும் கேட்டார். “அந்தத் தண்ணிய அனுப்பறதே கரண்ட்ல ஓடற பம்ப்புதானே சார். அதுக்கு ஆகற கரண்ட்டு, இதுல வர்றத விட அதிகம் இல்லையா?”

“பம்ப்பு வேற டிபார்ட்மென்ட்டு” என்றார் பொறியாளர் பெருந்தன்மையாக. “அவங்க செலவு பண்றாங்க, நாங்க உற்பத்தி பண்றோம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. அவங்க வருஷா வருஷம் நஷ்டம், நாங்க ஆரம்பிச்ச நாள்லேருந்தே லாபம். அதனாலதான் பம்ப்பு ஆபீசருக்குப் ப்ரமோஷன் வரல.” கொஞ்சம் நிறுத்தி, திடீரென்று ஞாபகம் வந்தவராகக் கேட்டார். “ஆமா, உங்க வீட்டுக் குழாய எப்பல்லாம் மூடி வெக்கறீங்க?”

“தண்ணியே வரலியே. மூடித்தான் வெச்சிருக்கோம்.”

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநாள் தேடிய திருடன் தானாகவே வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. “அதான பாத்தேன். பலகை ஏன் மங்கலா எரியுதுன்னு மூளையக் கசக்கிட்டிருந்தேன். நீங்கதான் குழாயோட நுனி. நுனியில மூடினா தண்ணி எப்படி ஓடும்? தண்ணி ஓடலைன்னா சுழலி எப்படிச் சுத்தும்? மூடின குழாய் ஒவ்வொண்ணும் மூடின மின்நிலையம் சார்.”

மறுநாளே வாரியத்தின் உத்தரவு ஒலிபெருக்கியில் தெருத்தெருவாக வந்தது. மேட்டுத் தெருவில் எந்தக் குழாயும் இனி மூடப்படக் கூடாது. எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதோடு, கடைவீதிப் பொதுக்குழாய் டர்பைனுக்கு முந்தி இருப்பதால், அதில் குடம் வைத்துப் பிடிப்பது தண்ணீரைச் சுழலிக்குப் போகவிடாமல் தடுப்பதாகும். அது மின்திருட்டு.

பின்னாலேயே மீட்டர்காரர் வந்தார். மாதாமாதம் மீட்டர் படிக்க வரும் அதே ஆள்தான். இப்போது அவர் பையில் கம்பியும் ஈயமும் குறடும் இருந்தன. கண்ணாடிக்காரர் வீட்டுக் கழுவுமிடத்தில் குழாய்க் கைப்பிடியை முழுக்கத் திறந்து, கம்பியால் இறுக்கி, ஈய முத்திரை வைத்தார்.

“இத நீங்க தொடக்கூடாது சார். நானும் தொடக்கூடாது. உடைக்கணும்னா சுழலிப் பிரிவு ஆபீசர் நேர்ல வந்து உடைக்கணும். மத்தவங்க தொட்டா கேஸ்.”

“தண்ணியே வராத குழாய்க்குக் காவலா?” என்றாள் மனைவி.

“வரும்போது மூடிட்டீங்கன்னா?”

“வந்தா நாங்க ஏன் மூடப்போறோம்?”

மீட்டர்காரர் இதை யோசித்துப் பார்த்தார். “மேல கேக்கறேன்மா” என்றார்.

அன்று முதல் குழாயில் காற்று வரத் தொடங்கியது. கீழே பம்ப்பு ஓடும்போதெல்லாம் குழாய்க்குள் அடைந்த காற்று மேலேறி, திறந்த வாய் வழியாக நீளமாகச் சீழ்க்கையடித்தது. முதல் தடவை கேட்டபோது கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டுத் தலையணைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். விசில் இருந்தது.

“யார்ரா அது, என் வண்டில ஊதறது?”

“குழாய் மாமா.”

“நான் ரிட்டையர் ஆனதும் ஆள் எடுத்துட்டாங்களா? சுருதியே சரியில்லையே. ‘போலாம்’னு ஊதறானா ‘நில்லு’ன்னு ஊதறானா ஒண்ணும் வெளங்கல. இவன நம்பி எந்த ட்ரைவர் வண்டிய எடுப்பான்?”

குழாய் ஊதும், கிழவர் பதிலுக்கு ஊதுவார். இரண்டொரு நாள் வீட்டில் இது ஒரு வேடிக்கையாக இருந்தது. பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. நர்ஸ் அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வேலையை முடித்தார். போகும்போது வாசலில் நின்று, “ஊசி போட்டிருக்கேன். ஆனா இத ஊசியால கழுவ முடியாதுங்க” என்றார்.

அந்த மாதம் மீட்டர் படிக்க வந்த மீட்டர்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. மீட்டரின் முள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன சார், நீச்சல் குளம் ஏதாவது கட்டறீங்களா?”

“காத்துங்க. வெறும் காத்து. கைய வெச்சுப் பாருங்க.”

மீட்டர்காரர் குழாய்க்கு அடியில் கை வைத்தார். கை காய்ந்தே இருந்தது. முகத்தையும் கொஞ்ச நேரம் காட்டினார். படியேறி வந்த வேர்வைக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். “மீட்டருக்குக் காத்து, தண்ணின்னு பாகுபாடெல்லாம் கிடையாது சார்” என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்துக்குள் பொறியாளரே படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் மாலை.

“வாழ்த்துகள். ஊரிலேயே அதிகமா தண்ணி உபயோகிச்சது நீங்கதான். ‘சிறந்த நுகர்வோர்’ விருது உங்களுக்கு. தலைவர் கையால வாங்கப் போறீங்க.”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். “யாரு மாப்ள? செக்கிங்கா?”

“வாரியத்துல இருந்து வந்திருக்காங்க மாமா.”

“டிக்கெட் இருக்கான்னு கேளு. இல்லைன்னா எறக்கி விடு.”

கண்ணாடிக்காரர் பொறியாளரைக் கட்டிலுக்கருகே கூட்டிப்போனார். போர்வையை விலக்கிக் காட்டினார். பார்த்தால் புரியும் என்று நினைத்தார். பொறியாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு மேல்விளிம்பு வழியாக ஒரு கணம் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார். சன்னலிலிருந்து பலகை தெரிந்தது. “இங்கேருந்து போர்டு நல்லாத் தெரியுதே” என்றார் மகிழ்ச்சியுடன்.

“சார், விருது வேண்டாம். ஒரே ஒரு காலை காத்தாடிய நிறுத்துங்க. ரெண்டு வாளி தண்ணி ஏறினா போதும்.”

“என் கையில இல்லையே. தலைவர் சொன்னா அடுத்த நிமிஷம் நிறுத்திடுவேன். விழாவுல உங்களுக்கு மைக் குடுப்பாங்க. நேராக் கேட்டுடுங்க. அவர் ரொம்ப இளகின மனசு.”

விழா நாளன்று காலையில் கிழவருக்கு உடம்பு கொதித்தது. பேச்சு நடுநடுவே வேறு வழித்தடத்துக்குப் போனது. மனைவி பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அம்மாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

“போகாதீங்க” என்றாள். “அந்த ஆளுங்க கையால எதுவும் வர வேண்டாம்.”

“தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். அவர் தலையசைச்சா சாயங்காலமே தண்ணி ஏறிடும்.”

“உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கா?”

அவர் செருப்பை மாட்டினார். கட்டிலிலிருந்து விசில் கேட்டது. பலவீனமாக, ஆனால் தெளிவாக, இரண்டு தடவை. போகலாம்.

கார் நிறுத்துமிடத்தில் மேடை. டர்பைன் இருந்த குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். அந்தக் குழாய் போகிற மேட்டுத் தெருவில் காற்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே தலைவர் சன்னல் வழியாகப் பார்க்கும்போது டர்பைன் சுற்றியாக வேண்டும் என்பதற்காக, டர்பைனைத் தாண்டிய இடத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். பளிங்கு போன்ற தண்ணீர் தொடை கனத்தில் பீறிட்டு, மேடையைச் சுற்றிக்கொண்டு, விருந்தினர் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, சாக்கடையில் விழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்டார்கள். கண்ணாடிக்காரர் தூக்கவில்லை. செருப்புக்குள் தண்ணீர் ஏறியது. குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை நாளில் அவர் ஓடுகிற தண்ணீரைத் தொட்டது அப்போதுதான்.

அருகே நின்ற மீட்டர்காரரிடம், “ஒரு வாளி கிடைக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“விழா நடக்குது சார்” என்றார் மீட்டர்காரர், காதும் காதும் வைத்தாற்போல்.

தலைவர் எழுந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி அணிந்திருந்தார். அதில் இருந்தது வெறும் கண்ணாடி என்பதைக் கண்ணாடிக்காரர் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். நோய் எதுவும் இல்லாத கண்கள். எல்லாம் துல்லியமாகத் தெரிகிற மனிதர்.

“நண்பர்களே,” என்று தொடங்கினார் தலைவர். “இத்தனை காலம் நம் வாரியத்தின் தண்ணீர் என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மக்கள் அதைக் குடித்தார்கள். குளித்தார்கள். பாத்திரம் கழுவினார்கள். அதோடு தீர்ந்தது. இதனால் வாரியத்துக்கு என்ன பெயர் கிடைத்தது? குழாயைத் திறக்கிற எவனாவது நம்மை நினைத்தானா? தண்ணீர் வந்தால் நம்மை மறந்தார்கள். வராதபோதுதான் நம்மைத் தேடி வந்தார்கள். இந்த உண்மையை நாங்கள் ஆழமாகச் சிந்தித்தோம்.”

கைதட்டல்.

“இன்று அதே தண்ணீர் உழைக்கிறது. சிலர் கேட்கிறார்கள், மேட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஏறவில்லையே என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், மேட்டில் போய் யார் உங்களைக் குடியிருக்கச் சொன்னது? நான் பள்ளத்தில்தான் குடியிருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.”

பிறகு விருது. தண்ணீர்த் துளி வடிவில் ஒரு கண்ணாடிக் கேடயமும், தலைவர் படம் ஒட்டிய குடிநீர் பாட்டில்கள் அடங்கிய பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். மைக்கை நீட்டினார்கள். கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் மைக்கில் பேசியதில்லை. தன் குரல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்புவதைக் கேட்டுத் தடுமாறினார்.

“ஐயா, எங்க வீட்டுக்குத் தண்ணி வரலைங்க. ஒரு சொட்டுகூட வரலைங்க. என் மாமனார்…”

அவர் வாயைத் திறந்து மூடியதும் கைதட்ட வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் மூச்சு விட நிறுத்தியதும் தட்டினார்கள். மாமனார் அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போனார். தலைவர் எழுந்து வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். கண்கள் கலங்கியிருந்தன.

“கேட்டீர்களா? ஊரிலேயே அதிகம் தண்ணீர் பயன்படுத்தியவர் இவர். இவரே சொல்கிறார், போதவில்லை என்று. மின்சாரத்தின் மீது எளிய மனிதனுக்கு இருக்கும் தாகம் இதுதான். இவருக்காக, இவர் ஒருவருக்காக, இதே குழாயில் இன்னொரு சுழலி பொருத்தப்படும் என்று இந்த மேடையில் அறிவிக்கிறேன்.”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. எழுந்து நின்றதில் எல்லோருக்கும் கால் நனைந்தது.

கண்ணாடிக்காரர் கேடயத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பிறகு ஓடினார். பெட்டியில் தண்ணீர் இருந்தது. இரண்டு வேளைக்கு வரும். சிக்கனமாக ஊற்றினால் அதற்கு மேலும் வரலாம். படிகளில் ஏறும்போது பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பாதித் தெரு ஏறியதும் சீழ்க்கை கேட்டது. காது கொடுத்தார். குழாய்தான்.

வீட்டில் மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அம்மா வந்துவிட்டு, வாசலருகே சும்மா நின்றிருந்தார்.

“ஊதினாரு” என்றாள் மனைவி. “தண்ணி கேக்கறாருன்னு நினைச்சு எழுந்தேன். ஒரே ஒரு தடவதான் ஊதினாரு.”

கண்ணாடிக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதைப் பிரித்தார். இருவருமாகக் கிழவரைக் கழுவுமிடத்துக்கு எடுத்துப்போய், பாட்டில் பாட்டிலாகத் திறந்து, முதலில் முதுகைக் கழுவினார்கள். இந்தத் தடவை யாரும் திட்டவில்லை. காலி பாட்டில்கள் தரையில் உருண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். திறந்த குழாய் அவர்கள் தலைக்கு மேலே வெறும் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் சவத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே வண்டி காத்திருந்தது. ஆனால் தெருமுனையை ஒரு லாரி அடைத்துக்கொண்டு நின்றது. டர்பைனைக் கழற்றி, குழாயை மூட்டிவிட்டு, அதில் ஏற்றியிருந்தார்கள். வாரியத்திடம் இருந்தது ஒரே ஒரு டர்பைன்தான். தலைவரின் சொந்த ஊரிலும் அதே போன்ற விழா ஏற்பாடாகியிருந்தது. சுழலிப் பிரிவு மொத்தமும், பொறியாளர் உட்பட, லாரிக்கு முன்னால் காரில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது சுழலி பற்றி யாரும் கேட்கவில்லை.

மீட்டர்காரர் லாரியின் பின்னால் நின்று கையை ஆட்டி அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். “ரைட்… ரைட்… வா, வா, வா… ரைட்…”

தோளில் சுமையோடு எல்லோரும் நின்றார்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்களை நிறுத்தியும் அனுப்பியும் வந்த மனிதர், காத்தாடிக்கு வழிவிட்டுக் கடைசியாக ஒரு தடவை காத்திருந்தார். லாரி திரும்பியது.

“ஹோல்டான், கொஞ்சம் நில்லுங்க” என்றார் மீட்டர்காரர் ஊர்வலத்தைப் பார்த்து, மரியாதையாக. கார் முதலில் போனது, பின்னால் லாரி போனது, அதன் பின்னால் கண்டக்டர் போனார்.

மயானத்திலிருந்து திரும்பி வரும்போது நடுப்படியிலேயே கண்ணாடிக்காரருக்கும் மனைவிக்கும் கால் நனைந்தது. மேலிருந்து தண்ணீர் படிபடியாக இறங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். தெருவில் இருந்தவர்கள் குடமும் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியில் டர்பைன் இல்லாததால் குழாயில் தண்ணீர் பழைய வேகத்தில் ஏறி, முத்திரையிட்டுத் திறந்து வைத்த ஒவ்வொரு குழாயிலும் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டில்தான் வேகம் அதிகம். கழுவுமிடத்தின் வடிகாலைக் கிழவரின் துணி அடைத்திருந்ததால் முன்னறை குளமாகியிருந்தது. கட்டிலிலிருந்து இறக்கிப் போட்டிருந்த பஞ்சு மெத்தை குடிக்கிற அளவு குடித்துவிட்டு மீதியை வாசல்பக்கம் விட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் மீட்டர்காரர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“எங்க சார் போனீங்க? இப்படித் தண்ணிய வீணாக்கலாமா? இன்னைலேருந்து நீர் சேமிப்பு வாரம். ஒரு சொட்டு வீணானாலும் கேஸ்.”

“குழாய நீங்கதான் திறந்து வெச்சீங்க” என்றாள் மனைவி.

“அது போன வாரம் வரைக்கும்தாம்மா. இப்ப மூடணும்.”

“மூடுங்க.”

மீட்டர்காரர் கழுவுமிடத்துக்குள் போய் ஈய முத்திரையைப் பார்த்தார். பையிலிருந்து குறடை எடுத்தார். பிறகு திரும்பப் பைக்குள் போட்டார். “சுழலிப் பிரிவுதான் உடைக்கணும்” என்றார்.

“எங்க அவங்க?”

“போயிட்டாங்களே. நீங்களும்தானே பாத்தீங்க. நான்தானே வழி விட்டேன்.”

மூவரும் தண்ணீரில் நின்றார்கள். மெத்தைக்கடியிலிருந்து விசில் மிதந்து வந்து மீட்டர்காரரின் காலில் தட்டியது. அவர் அதை எடுத்து, உதறி, கண்ணாடிக்காரரிடம் கொடுத்தார். மனைவி அடைத்திருந்த துணியை வடிகாலிலிருந்து இழுத்து, கொட்டுகிற தண்ணீரில் பிடித்துக் கசக்கத் தொடங்கினாள். யாரும் அதை இனி விரிக்கப்போவதில்லை. ஆனாலும் நன்றாகக் கசக்கினாள்.

மீட்டர்காரர் வந்த வேலையைச் செய்வோம் என்று மீட்டரின் பக்கம் குனிந்தார். நெற்றியைச் சுருக்கினார். மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“என்ன சார் இது, ரொம்ப மெதுவா சுத்துது. காத்து சுத்தின அளவுக்குத் தண்ணி சுத்தலையே” என்றார் வருத்தத்துடன். “இப்படியே போனா அடுத்த வருஷம் விருது உங்களுக்குக் கிடைக்காது.”

கண்ணாடிக்காரர் விசிலைச் சட்டையில் துடைத்தார். வாயில் வைத்து, ஒரு தடவை ஊதினார்.

மீட்டர்காரர் திடுக்கிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் நிற்கவில்லை.